புதிதாக வரும் பையன் மீது எவ்வளவு பாரத்தை ஏற்றலாம்? கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 சீசன் தொடங்கும் முன் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 1976-க்குப் பிறகு ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள்) பக்கமே போகாத அணி அது. அந்த அணிக்கு, பள்ளி வீரர்களின் தேசிய வரிசையில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்: டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி. சீசனுக்கு முன் ஏபி செய்தி நிறுவனம் வெளியிடும் அணிகளின் தரவரிசையிலும் 25-ஆம் இடம் கிடைத்துவிட்டது. மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியான என்சிஏஏவில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. கடைசியில் நடந்தது 15 வெற்றி, 17 தோல்வி. என்சிஏஏ போட்டிக்குள்ளேயே நுழையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையன்கள் இருவரும் சொதப்பவில்லை. ஹார்ப்பர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19 புள்ளிகளுக்கு மேல், பெய்லி 17-க்கு மேல். 2025 ஜூன் டிராஃப்டில் (தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஹார்ப்பர் இரண்டாவதாக சான் ஆன்டோனியோவுக்கும், பெய்லி ஐந்தாவதாக யூட்டாவுக்கும் போனார்கள். ஆக, ஆட்களைப் பற்றிய மதிப்பீடு சரிதான். அதை வைத்து அணிக்குப் போட்ட கணக்குதான் தவறு. எதிராளியைத் தடுக்க முடியாத அணியில் இரண்டு பேர் எவ்வளவு போட்டாலும் பற்றாது.

இது ரட்கர்ஸின் தனிக்கதை இல்லை. எல்எஸ்யூவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பென் சிம்மன்ஸ் (2015-16) ஆட்டத்துக்கு 19 புள்ளி, கிட்டத்தட்ட 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) எடுத்தும் அணி என்சிஏஏ போட்டிக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் மார்கெல் ஃபுல்ட்ஸ் 23 புள்ளிச் சராசரியோடு ஆடினார். அணி ஜெயித்தது 9, தோற்றது 22. ஜார்ஜியாவில் ஆன்டனி எட்வர்ட்ஸ் இருந்த 2019-20-இல் 16 வெற்றி, 16 தோல்வி. மூன்று பேருமே டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர்கள்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நட்சத்திரங்களை எண்ணி முடிவு கட்டுவது

பள்ளி வீரர்களுக்கு மதிப்பீட்டாளர்கள் தரும் உச்ச மதிப்பெண்ணான ஐந்து நட்சத்திரம் என்றால் பலரும் 'வந்த முதல் நாளே கலக்குவான்' என்று படித்துக்கொள்கிறார்கள். அந்த மதிப்பீடு பெரும்பாலும் வேறொரு கேள்விக்கான பதில்: இந்தப் பையன் என்பிஏவுக்குப் போகும் அளவுக்கு வளர்வானா? உயரம், கை நீளம், துள்ளல், வயது எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லும் எதிர்கால ஊகம் அது. சீசன் தொடங்கும் இந்த நவம்பரில் 22 வயது ஆள் முட்டித் தள்ளும்போது நிற்பானா என்பது தனிக் கேள்வி.

2015-இல் கென்டக்கிக்கு வந்த ஸ்கால் லபிசியே பள்ளி வீரர்களின் சில தரவரிசைகளில் முதலிடத்தில் இருந்தவர். அந்த சீசனில் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 6.6 புள்ளி. உடம்பு தயாராகவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் என்பிஏ அணிகள் முதல் சுற்றிலேயே அவரை எடுத்தன. அவர்கள் பார்த்தது அந்த 6.6-ஐ அல்ல.

காணொளித் துண்டுகளும் இதே வகை ஏமாற்றுதான். இரண்டு நிமிடத் துண்டில் தவறிய ஷாட் ஒன்றுகூட இருக்காது. முடிந்தால் ஒரு முழு ஆட்டத்தைப் பாருங்கள், கோடைகாலத்தில் நடக்கும் பீச் ஜாம் போன்ற போட்டிகளில் ஆடியதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே எதிரில் நிற்பவனும் பெரிய ஆள்தான். பந்து கையில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று மட்டும் பாருங்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா, ஸ்க்ரீன் போடுகிறானா (சக வீரனுக்காக எதிராளியின் வழியை மறிப்பது), பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறானா? துள்ளி வளையத்துக்குள் பந்தைத் திணிக்கும் பத்து டங்க் சொல்லாததை இது சொல்லிவிடும்.

நிமிடக் கணக்கை மறப்பது

என்னைக் கேட்டால், பெரிய தவறு இதுதான். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். மொத்தம் 200 நிமிடம். யார் வந்தாலும் இது 201 ஆகாது. புதுப் பையனுக்கு 30 நிமிடம் கொடுக்க வேண்டுமென்றால் வேறு யாரிடமிருந்தோ அதை எடுக்க வேண்டும். யாரிடமிருந்து?

அதனால் ஆள் சேர்ந்த செய்தி வந்ததும் அவனுடைய பள்ளி எண்களைத் தேடாமல் அணியின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் இடத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், யார் படிப்பை முடித்துப் போனார்கள், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக யார் வருகிறார்கள்? 2021 முதல் வீரர்கள் ஓராண்டு சும்மா உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம் என்றாகிவிட்டது. எந்த கோச்சும் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆளைப் போர்ட்டலில் தேடத்தான் செய்வார். தேசிய வரிசையில் 40-ஆம் இடத்தில் இருக்கும் பள்ளிப் பையனுக்கு முன்னால் அப்படி ஒருவர் வந்து நின்றால், அவன் பெஞ்சில் இருப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

பெஞ்சில் இருப்பவன் உதவாதவன் என்றும் இல்லை. 2014-15 டியூக்கில் கிரேசன் ஆலன் சராசரியாக 4.4 புள்ளி மட்டுமே எடுத்தார். அந்தச் சீசனின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின் ஒன்பது புள்ளி முன்னால் போனபோது, தொடர்ந்து எட்டுப் புள்ளி போட்டு ஆட்டத்தைத் திருப்பியவர் அவர்தான். மொத்தம் 16 எடுத்தார், டியூக் 68-63 என்று பட்டம் வென்றது. அடுத்த ஆண்டு அவருடைய சராசரி 21-ஐத் தாண்டியது. மிக்கல் பிரிட்ஜஸ் வில்லனோவாவில் முதல் ஆண்டு முழுக்க ஆடவே இல்லை, ரெட்ஷர்ட் (ஆடும் தகுதியில் ஓராண்டு குறையாமல் ஒதுங்கியிருப்பது). பிறகு இரண்டு தேசியப் பட்டம், 2018 டிராஃப்டில் பத்தாவது இடம்.

நவம்பரை நம்புவது, நவம்பரிலேயே வெறுப்பது

சீசன் தொடக்கத்தில் பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளைப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்குக்கு வரவழைத்து ஆடும். அந்த ஆட்டங்களில் 25 புள்ளி எடுத்தால் சந்தோஷப்படலாம், தப்பில்லை. ஆனால் ஜனவரியில் லீக் ஆட்டங்கள் தொடங்கும்போது எதிரணிக் கோச்சிடம் இவனுடைய பத்துப் பதினைந்து ஆட்டங்களின் பதிவு இருக்கும். இடது பக்கம் போக மாட்டான் என்று தெரிந்துவிட்டால் வலது பக்கத்தை அடைத்துவிடுவார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஹாரிசன் பார்ன்ஸ் 2010-இல் நார்த் கரோலினாவுக்கு வந்தபோது, ஒரு ஆட்டம்கூட ஆடுமுன்பே ஏபியின் அகில அமெரிக்க முதல் அணியில் இடம் பிடித்தார். அதற்கு முன் எந்தப் புதுமுகத்துக்கும் கிடைக்காத கௌரவம். ஆரம்ப வாரங்களில் ஷாட் விழவில்லை. உடனே 'வீண் விளம்பரம்' என்று பேச்சு கிளம்பியது. மார்ச்சில் கிளெம்சனுக்கு எதிராக 40 புள்ளி எடுத்தார். பேசியவர்கள் யாரும் திரும்பி வந்து ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஷாட் விழாததற்குப் பல நேரம் சாதாரணக் காரணம் இருக்கும். பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். இரண்டேகால் அடிக்கு மேல் தள்ளி நின்று, அதுவும் 32 நிமிட ஆட்டத்துக்குப் பழகிய கால்களோடு 40 நிமிடம் ஓடியபின் எறிய வேண்டும். புள்ளிச் சராசரியை விடுங்கள், யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ எத்தனை விழுகிறது என்று பாருங்கள். அது நன்றாக இருந்தால் கை சரியாகத்தான் இருக்கிறது; மூன்று புள்ளியும் பெரும்பாலும் பின்னால் வரும்.

வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது

கூப்பர் ஃப்ளாக் பிறந்தது 2006 டிசம்பரில். பள்ளியை ஓராண்டு முன்னதாக முடித்துவிட்டு டியூக்கில் முதல் ஆட்டம் ஆடியபோது வயது 17. அந்த நவம்பரில் கென்டக்கிக்கு எதிராக 26 புள்ளி எடுத்தார், ஆனால் கடைசி நிமிடத்தில் பந்தைப் பறிகொடுத்தார். அணி 77-72 என்று தோற்றது. ஏப்ரலில் ஃபைனல் ஃபோரில் ஹூஸ்டனிடம் டியூக் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடைசி நொடிகளில் பந்து மறுபடியும் அவர் கையில்தான். எதிரில் நின்றவர் ஜேவான் ராபர்ட்ஸ், ஹூஸ்டனில் ஆறாவது ஆண்டு. சற்று முன்தான் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு ஹூஸ்டனை முன்னால் கொண்டுபோனவரும் அவரே. ஃப்ளாக்கின் ஷாட் விழவில்லை. இறுதிக் கணக்கு 70-67.

27 புள்ளி எடுத்த ஆளை அன்றிரவே 'நெருக்கடியில் கைவிடுபவன்' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 18 வயதுப் பையன், ஆண்டின் சிறந்த வீரர் விருதுகளை வென்ற கையோடு, தன்னைவிடப் பல வயது மூத்த, தடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் மேல் ஒரு ஷாட்டைத் தவறவிட்டான். இதிலிருந்து அவன் குணத்தைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் அதிகம்தான்.

'அடுத்த டூரண்ட்' என்று பெயர் வைப்பது

ஒல்லியாக, உயரமாக, தூரத்திலிருந்து எறியத் தெரிந்த பையன் யார் வந்தாலும் இந்தப் பெயர்தான். சரி, பிறகு என்பிஏ நட்சத்திரமான நிஜ கெவின் டூரண்ட் டெக்சஸில் ஆடிய ஒரே ஆண்டில் என்ன நடந்தது? 25.8 புள்ளி, 11 ரீபவுண்ட், ஆண்டின் சிறந்த வீரர். அணி என்சிஏஏ போட்டியின் இரண்டாம் சுற்றில் வெளியே. அவருக்கே அப்படி என்றால் அவர் பெயரைச் சுமப்பவன் கதி?

புள்ளிகளை மட்டும் பார்ப்பது

2012 என்சிஏஏ இறுதி ஆட்டத்தில் கென்டக்கியின் ஆன்டனி டேவிஸ் பத்து ஷாட் எடுத்தார், உள்ளே போனது ஒன்று. மொத்தம் ஆறு புள்ளி. கூடவே 16 ரீபவுண்ட், எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடும் பிளாக் ஆறு. கான்சஸ் வீரர்கள் கூடைக்கு அருகே வந்து, தயங்கி, பந்தை வெளியே திருப்பி அனுப்பியது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. அன்று 22 புள்ளி எடுத்தது இரண்டாம் ஆண்டு மாணவர் டோரன் லாம்ப். போட்டியின் தலைசிறந்த வீரர் விருது டேவிஸுக்குத்தான் போனது, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. புதுமுகங்களால் வென்ற அணி என்று இன்றும் சொல்லப்படும் அந்த அணியில் நான்காம் ஆண்டு டேரியஸ் மில்லரும், இரண்டாம் ஆண்டு டெரன்ஸ் ஜோன்ஸும் இருந்தார்கள். இதை மறந்துவிட்டுத்தான் 'ஐந்து புதுமுகங்கள் போதும்' என்று பலர் கிளம்புகிறார்கள்.

பையனுக்கே எழுதுவது

2021 ஜூலைக்குப் பிறகு மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 'காசு வாங்குகிறான் அல்லவா, கேட்கத்தானே செய்வோம்' என்ற பேச்சு அதோடு சேர்ந்து வந்தது. கேட்கலாம், கோச்சிடம் கேளுங்கள். ஐந்து ஃபவுல் (விதிமீறல்) ஆனதால் வெளியேறிய பையனின் இன்ஸ்டாகிராமில் போய்த் திட்டுவது வேறு விஷயம். அதிலும் பந்தயக்காரர்கள் 'நீ இரண்டு ரீபவுண்ட் குறைவாக எடுத்ததால் என் பணம் போயிற்று' என்று மிரட்டும் அளவுக்குப் போய், ஒஹாயோ போன்ற மாநிலங்கள் கல்லூரி வீரர்களின் தனிப்பட்ட எண்களின் மேல் பந்தயம் கட்டுவதையே 2024-இல் தடை செய்தன.