ரேஸ் கார்டை முந்தின ராத்திரியே அலசுவது எப்படி? எடையில் சறுக்கியவன் எழுதுவது

பணம் கட்டச் சொல்லும் பதிவு இல்லை இது. பெங்களூரு ரேஸ்கோர்ஸில் ஒரு நாள் நடக்கும் ஏழெட்டு ரேஸையும் முந்தின ராத்திரி உட்கார்ந்து அலசி, ரேஸுக்கு இரண்டு குதிரையைப் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பது எப்படி என்பது மட்டும்தான். ஐந்து வருஷமாக வட்டம் போடுகிறேன். முதல் வருஷம் போட்டதெல்லாம் கோணல். காரணம் ஒன்றே ஒன்று, எடை. குதிரையின் உடம்பு எடை இல்லை, ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து அது முதுகில் சுமக்கும் எடை. அந்த இடம் வரும்போது நின்று பேசுகிறேன், மற்றதை வேகமாகத் தாண்டுவேன்.

வேண்டியவை: ரேஸ் புக் (எந்த ரேஸில் எந்தக் குதிரை, எவ்வளவு எடை என்ற ரேஸ் கார்டு இதில்தான் இருக்கும்), நாற்பது பக்க நோட்டு, பென்சில், ரப்பர். எக்ஸெல் வேண்டாம். நானும் போட்டுப் பார்த்தேன், கட்டம் அழகாக வந்தது, குதிரை மண்டையில் ஏறவில்லை. கையால் எழுதினால்தான் "இது போன மாசம் கதவு திறந்ததும் தயங்கி நின்ற குதிரையாச்சே" என்று ஞாபகம் வரும். வாட்ஸ்அப்பில் வரும் 'ஷ்யூர்' டிப்ஸைத் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

படி 1: ரேஸைப் பிரியுங்கள்

ஒவ்வொரு ரேஸின் தலைப்பிலும் தூரமும் நிபந்தனையும் இருக்கும். "ரேட்டிங் 20 முதல் 45 வரை" என்று போட்டிருந்தால் அது ஹேண்டிகேப், அதாவது ரேட்டிங்கை (குதிரையின் திறமைக்குக் கொடுத்த புள்ளி) வைத்து எடை ஏற்றும் ரேஸ். "டேர்ம்ஸ்" என்றிருந்தால் எடை ரேட்டிங்கை வைத்துக் கொடுத்ததல்ல, வயது, ஆணா பெண்ணா முதலானவற்றை வைத்துக் கொடுத்தது. இன்னும் ஒரு ரேஸும் ஜெயிக்காத இளம் குதிரைகள் பெரும்பாலும் இதில்தான் ஓடும். புதியவர்கள் டேர்ம்ஸ் ரேஸைத் தொடாமல் விடலாம். பாதிக் குதிரைக்குப் பழைய ஓட்டமே இருக்காது. மாக் ரேஸில் (பயிற்சிக்காக நடத்தும் ஒத்திகை ரேஸ்) என்ன செய்தது என்பது மட்டும்தான் பிடிமானம்.

படி 2: எடை (இங்கேதான் விழுந்தேன்)

குறைவாகச் சுமக்கும் குதிரை வேகமாக ஓடும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சீசன் முழுக்க 50, 51 கிலோ சுமக்கும் குதிரைகளாகப் பார்த்து வட்டம் போட்டேன். எல்லாம் பின்னால் வந்தன. ஒரு நாள் பேடக் (ரேஸுக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் இடம்) வேலி ஓரம் நின்ற பெரியவர் ஒருவர், லாயத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், என் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எடை கம்மின்னா குதிரை லேசுன்னு இல்ல. குதிரை மட்டம்னு அர்த்தம். அதான் கம்மியா குடுத்திருக்கான்."

விஷயம் அவ்வளவுதான். ஹேண்டிகேப்பர், அதாவது எடை போடும் அதிகாரி, நல்ல குதிரைக்கு அதிகம் ஏற்றி, சுமாருக்குக் குறைத்து, எல்லாம் ஒன்றாக வந்து சேரட்டும் என்று பார்க்கிறார். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ. ஆகவே எடையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும், இந்தக் குதிரைக்கும் அந்தக் குதிரைக்கும் நடுவே எவ்வளவு மாறியது என்றுதான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1400 மீட்டர். 20–45 ரேஸ், 45 ரேட்டிங் குதிரைக்கு 62 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை 3-ஆம் நம்பர் 54 கிலோ (ரேட்டிங் 29), 8-ஆம் நம்பர் 56 கிலோ (ரேட்டிங் 33). மூன்று ஜெயித்தது, எட்டு இரண்டு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பின்னால். ஜெயித்ததற்கு மூன்றுக்குப் பத்துப் புள்ளி ஏற்றிவிட்டார்கள், இப்போது 59 கிலோ. எட்டுக்கு ஒரே புள்ளி, 56.5.

அன்றைக்கு மூன்று, எட்டைவிட 2 கிலோ லேசு. இன்றைக்கு 2.5 கிலோ கனம். மொத்த மாற்றம் 4.5 கிலோ. இந்தத் தூரத்துக்கு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லெங்த் என்பது என் கைக்கணக்கு. தூரம் கூடினால் அதே கிலோ இன்னும் இழுக்கும். நாலரை லெங்த்தில் பழைய இரண்டைக் கழித்தால், காகிதத்தில் எட்டு இரண்டரை லெங்த் முன்னால். ஊரே போன தடவை ஜெயித்த மூன்றைத்தான் பேசும். நீங்கள் எட்டுக்கு வட்டம் போடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. மூன்று வயசுக் குதிரை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், ஏற்றிய ஐந்து கிலோவையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கே இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

இதேபோல, மேல் வகுப்பில் (ரேட்டிங் கூடிய குதிரைகள் ஓடும் ரேஸ்) 51 கிலோவோடு ஆறாவது வந்த குதிரை, ரேட்டிங் குறைந்து கீழ் வகுப்புக்கு 61 கிலோவோடு இறங்கினால் பயப்படாதீர்கள். அது படித்த பிள்ளை, கீழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

படி 3: கடைசி மூன்று ஓட்டம்

"5-4-6" என்ற எண்களைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம். எத்தனை லெங்த் பின்னால் என்று பாருங்கள். மூன்று லெங்த்துக்குள் ஐந்தாவது வந்தது வேறு, பதினைந்து லெங்த் பின்னால் வந்தது வேறு. கிளப் இணையதளத்தில் பழைய ரேஸ் வீடியோ இருக்கும். கடைசி 400 மீட்டரை மட்டும் பார்த்தால் போதும். வழி கிடைக்காமல் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தானா, சாட்டை எடுத்தும் நகரவில்லையா என்று தெரிந்துவிடும்.

படி 4: காலைப் பயிற்சி நேரம்

"அவுட்டர் சாண்ட், 1000 மீட்டர் 1-14, 600/43, ஷேப்டு வெல்" என்ற மாதிரி வரும். வெளி மணல் தடத்தில் ஆயிரம் மீட்டரை 1 நிமிஷம் 14 விநாடியில், அதில் கடைசி 600-ஐ 43-ல் முடித்தது, ஓட்டம் பார்க்க நன்றாக இருந்தது. பக்கத்தில் 'ஆர்பி' என்றிருந்தால் ஓட்டியது ரைடிங் பாய், ஜாக்கி இல்லை. ஒரு குதிரையின் 43-ஐ இன்னொன்றின் 41-ஓடு ஒப்பிடாதீர்கள். 46 போட்டு 'ஈஸி' என்றிருந்தால் சும்மா கால் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே குதிரை போன ரேஸுக்கு முன்னால் என்ன நேரம் போட்டது என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 5: முன்னால் ஓடுவது யார்

எனக்குப் பிடித்த வேலை இது. நோட்டில் ஒரு கோடு கிழித்து, ஆரம்பத்திலேயே முன்னால் போகும் குதிரைகளின் எண்களை வலது பக்கம், பின்னால் இருந்து வருபவற்றை இடது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம் ஒரே எண் இருந்தால், அது தன் இஷ்டத்துக்கு மெதுவாக இழுத்து, கடைசி வரை மூச்சை மிச்சம் பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். நாலு எண் இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், பின்னாலிருந்து ஒருவன் வந்து அள்ளிக்கொண்டு போவான். 1100, 1200 மீட்டர் ரேஸில் கூடவே டிராவையும் (எந்தக் கதவிலிருந்து கிளம்பும் என்ற எண்) பாருங்கள். முன்னால் ஓடும் குதிரை வெளிக்கோடியில் மாட்டினால் உள்ளே வருவதற்கே பாதித் தெம்பு போய்விடும்.

படி 6: மறுநாள்

பேடக்கில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பின்னங்கால் இடுக்கில் வெள்ளை நுரை தள்ளியிருந்தால் குதிரை பதற்றத்தில் இருக்கிறது. வழக்கமாக அப்படியே வரும் குதிரை என்றால் பரவாயில்லை. ஆக, இதுவும் பழையதோடு ஒப்பிடுவதுதான்.

ஓரமாக ஒன்று. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது நம் சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். ஆனால் கட்டும் பணத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40. இந்த வரிக்குப் பிறகு என் பென்சில் வட்டம் நோட்டோடு நின்றுவிட்டது, வீட்டிலும் நிம்மதி.

பிறகு சேர்த்தது: மூன்று பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தார்கள், "நீங்கள் சொன்னபடி கணக்குப் போட்டேன், எடையே தப்பாக இருக்கிறதே" என்று. பயிற்சி ஜாக்கிக்கு எடையில் கழிவு உண்டு. 54 கிலோ குதிரைக்கு இரண்டரை கிலோ கழிவு உள்ள பையன் ஏறினால் 51.5. காலையில் அந்தப் பையனை மாற்றி முழு ஜாக்கி ஏறிவிட்டால் கழிவு போச்சு, மறுபடி 54. ராத்திரி போட்ட கணக்கில் இரண்டரை லெங்த் அப்படியே புரளும். அதனால் ஜாக்கி மாற்றமும், ஓடாத குதிரைகளின் பட்டியலும் வந்த பிறகு படி 2-ஐயும் படி 5-ஐயும் மறுபடி ஓட்டுங்கள். ரப்பர் அதற்குத்தான்.

இன்னொருவர் மைசூருவிலிருந்து வரும் குதிரையின் ஓட்ட நேரத்தை இங்குள்ள நேரத்தோடு ஒப்பிடலாமா என்றார். கூடாது. வளைவு வேறு, புல் வேறு. பெங்களூரிலேயே மழைக்கு முந்தின வார நேரமும் பிந்தின வார நேரமும் ஒட்டாது. அந்தக் குதிரைக்கு நோட்டில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த ரேஸுக்குப் போய்விடுவேன்.