டோம்பிவிலியிலிருந்து கிராஃப்ட் பீர் மாற்றிக்கொள்வது: ஆரம்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பைக்குப் பக்கத்தில், டோம்பிவிலி கிழக்கில் எங்கள் வீட்டருகே இருக்கும் வைன் ஷாப்பில் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ் மூன்று இருக்கின்றன. இரண்டில் முழுக்க ஸ்ட்ராங் பீர். மூன்றாவதில் மைல்டு, அதன் கீழ்த்தட்டில் கொஞ்சம் கோதுமை பீர். சின்ன நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் கிராஃப்ட் பீர் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் அந்தக் கீழ்த்தட்டைத்தான் காட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, எது ஓடுகிறதோ அதைத்தான் அவர் வாங்கி அடுக்குவார்.

இப்படி ஓர் ஏரியாவில் இருந்துகொண்டுதான் புனேயில் இருக்கும் சேலத்து நண்பர் ஒருவரோடும், செம்பூரில் இருக்கும் இரண்டு மூன்று பேரோடும் பீர் மாற்றிக்கொள்கிறேன். நான் நான்கு டின் தருவேன், அவர்கள் நான்கு டின் தருவார்கள். புதிதாக இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த பீரைத் தேடிப் பிடிக்கலாம் என்றுதான். அந்தப் பட்டியல் மாதாமாதம் மாறும். சறுக்குகிற இடங்கள் மட்டும் மாறுவதில்லை, அதனால் அவற்றைச் சொல்கிறேன்.

முதல் தவறு, கொரியரில் அனுப்பலாம் என்று நினைப்பது. அமெரிக்காவில் பெட்டி கட்டி அனுப்புகிறார்களே என்று பார்த்துவிட்டு இங்கேயும் செய்ய நினைக்கிறார்கள். அங்கேயே அது அவ்வளவு நேரான காரியம் இல்லை. அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்காது, பெரிய கொரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அனுப்பினால்தான் எடுக்கும். நம் ஊரிலோ மது முழுக்க மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கும் விஷயம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரி, தனி அளவு, தனி தண்டனை. கோவாவில் வாங்கிய டின்னைத் திருப்பிப் பாருங்கள், கோவாவில் மட்டுமே விற்பனைக்கு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதை டிக்கியில் அடுக்கிக்கொண்டு வந்தால் மகாராஷ்டிர எல்லையில் பாந்தா பக்கம் இன்சுலி சோதனைச் சாவடியில் கலால்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள். விமானத்தில் 24 சதவீதத்துக்குக் குறைவான மதுவைச் செக்-இன் பெட்டியில் வைக்கப் பாதுகாப்பு விதிகள் தடை சொல்வதில்லை என்பதால் பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது விமானத்துக்கான விதி. இறங்குகிற மாநிலத்தின் விதி வேறு.

ஊரில் இருக்கும் தம்பிமார்கள் தீபாவளிக்கு முன்னால் போன் போட்டு, "அண்ணா, வரும்போது ரெண்டு டின் கொண்டு வாங்க, இங்க டாஸ்மாக்குல ஒண்ணுமே கிடைக்க மாட்டேங்குது" என்பார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருப்பதால் அவர்கள் ஏக்கம் புரிகிறது. ஆனாலும் நான் கொண்டுபோவதில்லை. நீ மும்பை வா, ஊற்றித் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

ஆகவே மாநிலத்துக்குள்ளேயே, கைக்குக் கை. மகாராஷ்டிரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். மும்பை, புனே, நாசிக் மூன்றும் ஒரே மாநிலம், நல்ல பீர் பலவும் இந்த முக்கோணத்துக்குள்ளேயே கிடைக்கிறது. புனேயில் டூலாலி 2009-ல் தொடங்கியது. அங்கேயே பீர் செய்து ஊற்றித் தரும் கடையைப் புருபப் என்பார்கள்; மும்பையின் முதல் புருபப் 2013-ல் லோயர் பரேலில் வந்த பார்க்கிங் டீர் (Barking Deer). அதற்கப்புறம் கேட்வே, ஒயிட் அவுல், இண்டிபெண்டன்ஸ், கிரேட் ஸ்டேட், எஃபிங்கட் என்று வரிசையாக வந்தன. தேனை நொதிக்க வைத்துச் செய்கிற மீட் வேண்டுமா? அதற்கும் புனேயில் மூன்ஷைன் இருக்கிறது.

ஆனால் இந்த மாநிலத்தில் ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பெர்மிட். 1949-ம் வருடத்துப் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மதுவை வாங்க, வைத்திருக்க, எடுத்துப்போக, குடிக்க எல்லாவற்றுக்கும் பெர்மிட் வேண்டும். ஒரு நாள் பெர்மிட்டை வைன் ஷாப்பிலேயே 5 ரூபாய்க்குக் கிழித்துத் தருவார்கள். அடிக்கடி மாற்றிக்கொள்ளப் போகிறவர் வருடப் பெர்மிட்டோ ஆயுள் பெர்மிட்டோ எடுத்துவிடுவது நல்லது. எதிராளியிடமும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது அதில் யூனிட் கணக்கில் இருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் பெட்டி நிரப்ப வேண்டும். 21 வயது ஆகாதவரோடு இந்தப் பேச்சே வேண்டாம். பணமும் கை மாறக் கூடாது. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். பீருக்குப் பீர் என்பதோடு நிறுத்திக்கொண்டால் நட்பும் நிற்கும்.

அடுத்தது, என்னிடம் கொடுக்க எதுவும் இல்லையே என்று ஒதுங்கி நிற்பது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. உங்கள் ஏரியா என்பது வீட்டுக்குக் கீழே இருக்கும் கடை மட்டும் இல்லை. ஒரு சனிக்கிழமை எந்தெந்த இடத்துக்குப் போய்த் திரும்ப முடியுமோ அதெல்லாம் உங்கள் ஏரியா. டோம்பிவிலிக்காரருக்குத் தாணே நகரம் இருக்கிறது, முலுண்டு இருக்கிறது, பவாய் இருக்கிறது. பெங்களூர் போகும் நண்பரிடம் அங்கிருக்கும் டாய்ட் புருபப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே டாய்ட்டின் கிளை லோயர் பரேலுக்கும் புனேக்கும் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது இதுதான். ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதி வாருங்கள். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை லோடு வருகிறது, எந்த டின் எந்தத் தேதியில் தயாரித்தது, எங்கே ஃபிரிட்ஜுக்குள் இருந்தது, எங்கே வெளியே அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த நோட்டுதான் நீங்கள் மாற்றிக்கொள்ளக் கொண்டுவரும் சொத்து. புனே நண்பர் என்னிடம் பீரின் பெயரைக் கேட்பதே இல்லை. "இந்த வாரம் உங்க பக்கம் புதுசா எது ஃபிரெஷ்ஷா இருக்கு?" என்றுதான் கேட்பார்.

ஃபிரெஷ் என்ற அந்தச் சொல்லில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐபிஏ என்பது ஹாப்ஸ் என்ற பூவின் வாசனையும் கசப்பும் தூக்கலாக இருக்கும் பீர் வகை. ஒரு மே மாதம் ஒரே ஐபிஏ-யில் இரண்டு டின் வாங்கினேன், தேதியும் ஒன்றே. ஒன்று நேராக வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போனது. இன்னொன்று பையோடு நண்பரின் கார் டிக்கியில் பத்து நாள் கிடந்துவிட்டது. அப்புறம் இரண்டையும் ஒரே மாலையில் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிப் பார்த்தோம். ஃபிரிட்ஜில் இருந்தது வெளிர் தங்க நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே சாத்துக்குடித் தோலை நகத்தால் கீறிய வாசனை. டிக்கியில் கிடந்தது ஒரு சாயல் பழுப்பேறியிருந்தது. நுரை வந்தது, வாசனை வரவில்லை. உற்றுக் கவனித்தால் மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் நெடி. கசப்பு மட்டும் நாக்கில் தனியாக நின்றது.

ஹாப்ஸின் வாசனை எண்ணெய்கள்தான் ஐபிஏ-யின் உயிர். அவைதான் முதலில் ஓடிப்போகும். டின்னுக்குள் மிஞ்சியிருக்கும் துளி ஆக்சிஜன் மெல்ல வேலை செய்கிறது, சூடு அந்த வேலையை விரட்டுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது பீர் செய்பவர்களின் கணக்கு. லேபிளில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும், ஐபிஏ-யை மூன்று மாதத்துக்குள், அதுவும் குளிரில் வைத்தே குடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கோதுமை பீரின் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அப்படித்தான், புதிதில்தான் அழகு. எட்டு ஒன்பது சதவீதத்துக்கு மேல் போகும் கனமான கறுப்பு ஸ்டவுட்களில் சில மட்டும் நாள்பட நாள்பட மெருகேறும். எல்லா பீரும் ஒயின் மாதிரி வயதானால் விலை ஏறும் என்று நினைத்து அலமாரியில் அடுக்கி வைப்பது பெரிய தவறு. மும்பை வீட்டின் அலமாரி நிலவறை ஆகாது.

வெளிச்சமும் எதிரிதான். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெயில் பட்டால் உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் உருவாகும். சில நிமிட நேர் வெயிலே போதும், காட்டமான ஒரு நாற்றம் வந்துவிடும். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும், பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் காக்காது. டின்னுக்குள் வெளிச்சமே போகாது. மாற்றிக்கொள்ள டின்னே மேல் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். பாட்டில் உடையும் என்ற கவலையும் இல்லை.

கிரௌலர் பற்றி ஒரு வார்த்தை. டாப்ரூமில் குழாயிலிருந்து பீரை நிரப்பி, வீட்டுக்கு எடுத்துப்போகத் தரும் பாட்டில்தான் கிரௌலர். அந்த பீர் அன்றைக்கும் மறுநாளைக்கும்தான். மூடி இறுக்கமாக இருந்து குளிரிலேயே இருந்தால் இன்னும் ஓரிரு நாள் தாங்கும். அடுத்த வாரம் சந்திப்பதாக இருந்தால் கிரௌலர் எடுக்காதீர்கள்.

தேதியைப் பற்றிப் பொய் சொல்வதும், பாதி சொல்வதும் ஒன்றுதான். மாற்றிக்கொள்ளும் முன் டின்னின் அடியில் இருக்கும் தேதியை போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். ஆரம்பத்தில் நான் அப்படிச் செய்யவில்லை. கடையில் கடைசியாக இருந்த நான்கு டின்னைப் பெயரைப் பார்த்து ஆசையோடு வாங்கி, தேதியைப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. பாதி குடித்து மீதியைத் தொட்டியில் ஊற்றினார் என்று பின்னால் வேறொருவர் மூலம் தெரிந்தது. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

வாக்கிலும் கவனம் வேண்டும். சின்ன நிறுவனங்களின் டின் ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. கையில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். டிரை டே, அதாவது மது விற்காத நாட்களின் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாருக்கும் தெரியும். அனந்த சதுர்த்தசியும் தேர்தல் நாட்களும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மதிப்பைப் பொறுத்தவரை பில் விலைக்குப் பில் விலை என்பதே நல்ல வழக்கம். அரிதான பீர் என்று சொல்லி ஒன்றுக்கு நான்கு கேட்பவரோடு இரண்டாம் முறை யாரும் சேர மாட்டார்கள். பெல்ஜியத்தில் வெஸ்ட்விளெட்டரன் மடத்துத் துறவிகள் செய்யும் பீர் உலகமே தேடுகிற பீர். அவர்கள் முன்பதிவு செய்தவர்களுக்குக் குறிப்பிட்ட அளவு மட்டும் கொடுப்பார்கள், மறுவிற்பனை செய்யாதே என்றும் சொல்லித்தான் கொடுப்பார்கள். பீரைச் செய்கிறவர்களே அப்படி நினைக்கும்போது, நடுவில் இருக்கும் நாம் அதை வைத்து லாபம் பார்ப்பது சரியில்லை. ஒரு டின் கூடுதலாக வைத்துக் கொடுங்கள். கறிவேப்பிலை கொசுறு போடுகிற காய்க்காரரிடம்தான் நாம் திரும்பப் போகிறோம்.

கைமாற்றும் இடம். புனே நண்பரும் நானும் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் காலாப்பூர் ஃபுட் மாலில் காலை எட்டு மணிக்குச் சந்திப்போம், வெயில் ஏறுவதற்கு முன்பு. அவரவர் காரில்தான் வருவோம். ரயிலிலும் பஸ்ஸிலும் மது கொண்டுபோய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டி, நன்றாகக் கழுவிக் காய வைத்தது. அடியில் உறைந்த ஜெல் பை, அதன் மேல் செய்தித்தாள், டின்களை நிற்க வைத்து இடையில் பழைய பனியன் துணி. படுக்க வைத்தால் கோதுமை பீரின் ஈஸ்ட் முழுக்கக் கலங்கிவிடும். பெட்டியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, பில்லையும் பெர்மிட் நகலையும் மேலே செருகிவிடுவேன். அங்கே இட்லியும் காபியும்தான். ஒரு டின்கூடத் திறப்பதில்லை, இரண்டு பேரும் வண்டி ஓட்டித் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். குடித்த அன்றே அனுப்பியவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். சூப்பர் என்று மட்டும் எழுதினால் அவருக்கு எதுவும் தெரியாது. போன முறை நான் அவருக்கு எழுதியது: "ஸ்டவுட், தயாரித்து ஐந்து வாரம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றினேன். முதலில் வறுத்த காபிக்கொட்டை, கொஞ்சம் சூடேறியதும் கருப்பட்டி. நுரை கடைசிவரை நின்றது. இதே லோடில் இன்னும் இருந்தால் இரண்டு எடுத்து வையுங்கள்." அவர் எடுத்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு காலாப்பூர்.