வீட்டு உப்பை அளந்து குறைக்கும் முறை

இரத்த அழுத்தம் கூடியிருப்பதைக் கண்ட மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதும், பெரும்பாலான வீடுகளில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இலையிலிருந்து விலக்கப்படுகின்றன. குழம்பும் பொரியலும் பழைய உப்போடு தொடர்கின்றன. விலக்கியது சரியே என்றாலும் அது போதாது. மேலை நாடுகளில் ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்ற ஆலைத் தயாரிப்புகளின் வழியாகவே உப்பின் பெரும்பகுதி உடலுக்குள் போகிறது. நம் நாட்டிலோ அதன் பெரும்பகுதி சமைக்கும்போது நாமே அள்ளிப் போடுவது. எனவே குறைப்பைச் சமையலறையின் உப்பு ஜாடியிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பெரியவர்கள் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகச் சராசரியோ 10 கிராமைத் தாண்டி நிற்கிறது. உப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியம். அது இரத்தத்தில் மிகும்போது உடல் நீரைத் தேக்கிக்கொள்கிறது. இரத்தத்தின் கொள்ளளவு கூடி, குழாய்ச் சுவர்களின் மீதான அழுத்தம் ஏறுகிறது. இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது, மூளைக் குழாய்கள் அடைபடவோ வெடிக்கவோ வழி ஏற்படுகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைந்து புரதம் சிறுநீரில் கசிகிறது. மிகுதியான சோடியத்தை வெளியேற்றும்போது சிறுநீரகம் கால்சியத்தையும் சேர்த்து இழப்பதால் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. மிகை உப்பு இரைப்பையின் உட்சவ்வைப் பாதித்து அங்கு புற்றுநோய்க்கான அபாயத்தையும் உயர்த்துகிறது. இவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலியோ மயக்கமோ தருவதில்லை என்பதுதான் மிகவும் கவலைக்குரியது. உடம்பு நன்றாக இருப்பதாக உணர்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதல் வேலை, வீட்டில் எவ்வளவு உப்பு செலவாகிறது என்று கண்டுபிடிப்பது. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மீதே தேதியை எழுதிவையுங்கள். ஊறுகாய் போடவும் மீன் கழுவவும் வேறு பாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் கணக்கு தவறிவிடும். பெரியவர்கள் 4 பேர் உள்ள குடும்பத்தில் தலைக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 20 கிராம். அதாவது 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அது 25 நாளில் தீர்ந்துபோனால் ஆளுக்கு 10 கிராம் போகிறது என்று பொருள். கடை மிக்ஸரும் ஓட்டல் சாப்பாடும் அந்த 5 கிராமுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், வீட்டுச் சமையலை 4 கிராமில் நிறுத்தி, பாக்கெட் 60 நாளுக்கு மேல் வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. மதிய உணவை வெளியில் உண்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, கைப்பிடியால் அள்ளிப் போடும் பழக்கத்தை விட்டு ஒரே கரண்டியால் தலைதட்டி அளந்து போடுங்கள். கல் உப்பில் இடைவெளி அதிகம். அதே கரண்டியில் தூள் உப்பு எடுத்தால் எடை கூடும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அளவையும் மாற்ற வேண்டும். இப்போது போடும் அளவில் பத்தில் ஒரு பங்கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து வந்தால், சுமார் இரண்டரை மாதத்தில் அது பாதியாகிவிடும். நாக்கு சில வாரங்களில் புதிய சுவைக்குப் பழகிக்கொள்கிறது என்பதால் படிப்படியாகக் குறைப்பது நிலைக்கிறது. ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் யாராவது உப்பு ஜாடியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள்.

எந்தப் பதார்த்தத்தில் குறைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை தேவை. சோறு வடிக்கும்போது உப்பு போடும் பழக்கம் இருந்தால் அதை முழுவதுமாக நிறுத்தலாம். உப்புள்ள குழம்போடு பிசையும்போது வேறுபாடே தெரியாது. இட்லியில் உப்பு மூன்று முறை சேர்கிறது: மாவில், சாம்பாரில், சட்னியில். பொடியும் வைத்தால் நான்கு. மாவில் போடும் உப்பைப் பாதியாக்கி, மற்றவற்றைச் சிறிது சிறிதாகக் குறைப்பது எளிது. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லித்தழை ஆகியவை உப்பின் குறையை நன்றாக ஈடுசெய்யும். காய் வெந்து இறக்கும் தறுவாயில் உப்பு தூவினால் அது மேற்பரப்பிலேயே நிற்பதால் குறைந்த அளவே போதும். மோர், தயிர்சாதம், மாங்காய், கொய்யா ஆகியவற்றுக்கு உப்பு சேர்ப்பது வெறும் பழக்கமே.

பாக்கெட் உணவுகளின் உறையில் உப்பு என்று எழுதாமல் சோடியத்தின் அளவையே மில்லிகிராமில் குறிப்பிடுவார்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. ஆப்பச் சோடா, அப்பளக்காரம், அஜினோமோட்டோ ஆகியவற்றிலும் சோடியம் உண்டு.

இந்துப்பு உடலுக்குத் தீங்கு செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பை மட்டுமே நம்பினால் அயோடின் குறைபாடு ஏற்படக்கூடும். அளவைக் குறைத்து, அயோடின் கலந்த உப்பையே இறுக மூடிய பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்துவது சரியானது. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான பெரிய ஆய்வில் அத்தகைய உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆயினும் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

நீர் பிரியும் மாத்திரை உண்ணும் முதியவர்களும், வெயிலில் நாள் முழுதும் வியர்வை சிந்தி உழைப்பவர்களும் எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையின் உணவில் உப்பே சேர்க்க வேண்டாம். மற்றவர்கள் குறைப்பைத் தொடங்கும் வாரத்திலும் இரண்டு மாதங்கள் கழித்தும் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் உப்பைக் குறைத்த இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளிகள் இறங்கியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அழுத்தம் இறங்கினாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. குறித்து வைத்த அளவுகளை மருத்துவரிடம் காட்டினால், மருந்தைக் குறைக்கலாமா என்பதை அவர் தீர்மானிப்பார்.