நானோ ஆய்வுக்கு ஐரோப்பிய நிதி: மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி?

நானோ துறையில் முனைவர் பட்டம் முடித்து, வெளிநாட்டு அரசு நிதி தேடுகிறீர்களா? முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஃபெலோஷிப்பைப் பாருங்கள். எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், ஆய்வுத் தலைப்பும் உங்கள் விருப்பம்தான். ஐரோப்பாவில் 12 முதல் 24 மாதம் வரை ஆய்வு செய்ய நிதி கிடைக்கும். போட்டி மட்டும் கடுமை. 2024இல் பத்தாயிரத்துச் சொச்சமாக இருந்த விண்ணப்பங்கள் 2025இல் 17,000ஐத் தாண்டிவிட்டன.

படி 1: தகுதியைச் சரிபாருங்கள்

முனைவர் பட்டம் பெற்ற பிறகான ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மகப்பேறு விடுப்பு போன்ற இடைவெளிகளைக் கழித்துக்கொள்வார்கள். அப்புறம், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் நீங்கள் போக விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராகப் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஜெர்மனியில் ஒன்றரை வருடமாக வேலை பார்ப்பவர் ஜெர்மனிக்கே கேட்க முடியாது, ஸ்பெயினுக்குக் கேட்கலாம். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் வழிகாட்டியைப் படித்துவிடுங்கள்.

படி 2: மேற்பார்வையாளரைப் பிடியுங்கள்

விண்ணப்பத்தைத் தாக்கல் செய்வது நீங்கள் சேரப்போகும் நிறுவனம். அதனால் உங்களை ஏற்க ஒருவர் சம்மதிக்காமல் எதுவும் நகராது. விண்ணப்பங்களுக்கான அழைப்பு பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் திறந்து செப்டம்பரில் முடிகிறது. பல நிறுவனங்கள் வசந்த காலத்திலேயே தங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்துவிடும். ஆகவே ஜனவரியிலேயே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குங்கள். ஆய்வாளர்களுக்கான ஐரோப்பிய வேலைவாய்ப்புத் தளமான யூராக்சஸில் இடம் தரத் தயாராக இருக்கும் குழுக்களைத் தேடலாம். நானோவுக்கென்றே இருக்கும் போர்ச்சுகலின் பிராகா நகர ஐபீரிய நானோ ஆய்வகம், பார்சிலோனாவின் ஐசிஎன்2 போன்றவற்றையும் பாருங்கள்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் யோசனையோடு ஒட்டுகிறது, உங்களிடம் என்ன திறமை இருக்கிறது, எந்த ஆண்டு அழைப்புக்குக் கேட்கிறீர்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது.

படி 3: எந்தப் பிரிவு?

நானோ ஆட்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இந்தத் திட்டத்தில் நானோ என்று தனிப் பிரிவே கிடையாது. வேதியியல், இயற்பியல், பொறியியல், உயிர் அறிவியல், சுற்றுச்சூழல் என்றுதான் இருக்கும். தண்ணீரிலுள்ள ஆர்சனிக்கைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் உங்கள் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். துகளின் மேற்பரப்பில் நடக்கும் வினைதான் புதுமை என்றால் வேதியியல். வடிகட்டியாக வடிவமைப்பதுதான் வேலை என்றால் பொறியியல். பயன்படுத்திய துகள்கள் ஆற்றில் என்ன ஆகின்றன என்று பார்த்தால் சுற்றுச்சூழல். செல்களை அவை பாதிக்கின்றனவா என்பது கேள்வியென்றால் உயிர் அறிவியல்.

ஒரே தலைப்பு, ஆனால் படிக்கும் நிபுணர்கள் வேறு. செல் உயிரியலாளரிடம் படிக அமைப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதினால் அவருக்கு அதில் பிடிப்பு இருக்காது. பிரிவை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்தச் சொற்களில் எழுதுவது என்பதைப் பிறகு தீர்மானியுங்கள். விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்கும் குறிச்சொற்களும் மதிப்பீட்டாளரைத் தேட உதவுகின்றன, அதையும் கவனமாகச் செய்யுங்கள்.

படி 4: பத்துப் பக்கம் எழுதுங்கள்

முக்கியப் பகுதிக்குப் பத்துப் பக்கம்தான் வரம்பு. ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20. புதியவர்கள் பத்தில் எட்டுப் பக்கத்தை அறிவியலுக்கே கொடுத்துவிடுகிறார்கள். மீதிப் பாதி மதிப்பெண் எங்கிருந்து வரும்? நீங்கள் அங்கே என்ன புதிதாகக் கற்பீர்கள், அவர்களுக்கு என்ன கற்றுத்தருவீர்கள் என்பதையும் எழுத வேண்டும். இது பயிற்சிக்கான நிதியும்கூட.

நானோ துகள்களோடு வேலை என்றால் ஆய்வகப் பாதுகாப்பு, கழிவை அகற்றும் முறை பற்றிய கேள்விகளை ஒப்புக்குப் பூர்த்தி செய்யாதீர்கள். துகளைக் காற்றில் பறக்காத கரைசலாகவே கையாள்வீர்களா, மூடிய பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாள்வீர்களா என்று திட்டவட்டமாகச் சொல்லுங்கள்.

படி 5: தாக்கல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதித் தளத்தில் மேற்பார்வையாளர் விண்ணப்பத்தைத் திறந்து உங்களைச் சேர்ப்பார். கடைசி நாளில் பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி வரை அவகாசம், செப்டம்பரில் அது இந்தியா, இலங்கையில் இரவு 8.30. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு. ஒரு வாரம் முன்பே முதல் பிரதியை ஏற்றிவிட்டுத் திருத்துங்கள்.

முடிவு பிப்ரவரி வாக்கில் வரும். நிதி கிடைக்காவிட்டாலும் 85 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால் தரச் சான்றிதழ் தருவார்கள். சில நாடுகள் அதை வைத்தே தங்கள் சொந்த நிதியைத் தருகின்றன, எந்தெந்த நாடு என்று அப்போதே தேடிப் பாருங்கள்.