கோலாலம்பூருக்கு முதல் பயணம்: டிக்கெட் போடுவதிலிருந்து ஊருக்குள் போய்ச் சேரும் வரை

கோலாலம்பூர் விமான நிலையம் கோலாலம்பூரில் இல்லை. சிலாங்கூர் மாநிலத்தில் சிப்பாங் என்ற இடத்தில், ஊர் நடுவிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் எப்படிப் போகப் போகிறோம் என்பதை அறை போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அப்படிச் செய்யாதவர்களுக்குத்தான் முதல் நாளே வீணாகிறது.

1. தேதியை இரண்டு தடவை பாருங்கள்

சென்னை, திருச்சியிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல இரவில்தான். பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி. மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் 15-ம் தேதி 00:30 என்று இருந்தால் 14-ம் தேதி ராத்திரி 9 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அந்த விமானம் அங்கே இறங்கும்போது காலை 7 மணி ஆகிவிடும். ஓட்டல்களில் அறை கொடுப்பது பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்கு. பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே போகலாம், அநேகமாக எல்லா ஓட்டலிலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை போடுவதே நல்லது. இரவு முழுக்கத் தூங்காதவர்களை ஏழு மணி நேரம் அலைய வைக்கக் கூடாது.

2. அறை எங்கே?

ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். புக்கிட் பிந்தாங்கில் கடைகளும் ராத்திரி நடமாட்டமும் அதிகம். இரட்டைக் கோபுரம் பக்கம் வாடகை கூடுதல். பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும், கடைகளில் தமிழிலேயே பேசலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது பிரிக்பீல்ட்ஸ்தான். விமான நிலைய ரயில் நேராக அங்கே வந்து நிற்கிறது.

இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும், வெளிநாட்டவர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். பல ஓட்டல்களில் அதை நேரில் கேட்பார்கள். அதோடு முன்பணமும் வாங்குவார்கள். அறையைக் காலி செய்யும்போது அது திரும்பி வரும்.

3. தாள்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாத நுழைவு இருக்கிறது. இந்தச் சலுகை காலக்கெடுவோடு நீட்டிக்கப்படுவது. அதனால் டிக்கெட் போடும் முன் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டில் குறைந்தது 6 மாதம் காலம் மீதி இருக்க வேண்டும்.

விசா இல்லையென்றாலும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்கு முன் முடியாது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தள முகவரியில் 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று இருக்கும். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். ஓட்டல் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கேட்கும், முன்பதிவுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மின்னஞ்சலில் வரும் உறுதிச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டில் 'ஈசிஆர்' முத்திரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் மலேசியாவும் உண்டு. வேலைக்குப் போகவில்லை, சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம் என்று காட்ட திரும்பி வரும் டிக்கெட்டும் ஓட்டல் முன்பதிவும் கையில் அச்சாக இருக்கட்டும். கேள்வி இங்கே நம்மூர் கவுண்டரிலேயே வரும்.

4. கிளம்பும் முன் போனில்

வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியை ஊரிலேயே பதிவிறக்கி, பதிவும் செய்து முடியுங்கள். பதிவுக்கான ஓடிபி எண் உங்கள் இந்திய சிம்முக்கு வரும். அங்கே போய் சிம்மை மாற்றிவிட்டுப் பதிவு செய்ய முயன்றால் அந்த எண் வந்து சேராது. பிளக்குக்கு மூன்று தட்டைக் கம்பி உள்ள பிரிட்டிஷ் வகை அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

5. இறங்கியதும்

முனையம் இரண்டு. ஏர் ஏசியா இறங்குவது முனையம் 2-இல். மலேசியா ஏர்லைன்ஸ் முனையம் 1-இல். பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். 'கெத்திபாஆன்' என்றால் வருகை, 'கெலுவார்' என்றால் வெளியே போகும் வழி, 'தண்டாஸ்' கழிப்பறை.

குடிநுழைவில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்ணாடியில் வைக்கச் சொல்வார்கள். எத்தனை நாள், எங்கே தங்கல், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லித் தாளைக் காட்டினால் போதும். வெளியே வந்ததும் பணத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றுங்கள். ஊருக்குள் இன்னும் நல்ல விலை கிடைக்கும். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள், ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கான 'சென்' நாணயத்தைக் 'காசு' என்பார்கள். கடைக்காரர் "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து ரிங்கிட்.

6. எந்த வண்டி?

ஆள் எத்தனை, பெட்டி எத்தனை, மணி என்ன என்பதைப் பொறுத்து இது மாறும்.

கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் (விமான நிலைய ரயில்): முனையம் 1-இலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், முனையம் 2-இலிருந்து 33 நிமிடம். முனையம் 1-ஐ விட்டால் நடுவில் வேறெங்கும் நிற்காது. பெரியவருக்கு 55 ரிங்கிட், 6 முதல் 15 வயது வரை 25. நெரிசல் நேரத்திலும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும். மாலை 5-லிருந்து 8 மணிக்குள் இறங்குகிறவர்கள், அதுவும் மழை பெய்தால், இதைவிட்டு வேறெதையும் யோசிக்க வேண்டாம். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிடும், அதிகாலையில்தான் மறுபடி ஓடும்.

பஸ்: கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 15 ரிங்கிட், பயணம் ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இதுதான் சிக்கனம். முனையம் 2-இல் பஸ் நிலையம் வணிக வளாகத்தின் 'லெவல் 1' தளத்தில் இருக்கிறது.

கிராப்: ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 75 முதல் 100 ரிங்கிட், சுங்கக் கட்டணம் தனி. நான்கு பெரியவர்களுக்கு ரயிலில் 220 ஆகும். கிராப்பில் அதில் பாதிதான், ஓட்டல் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் நான்கு பேருக்கு நான்கு பெரிய பெட்டி என்றால் சாதாரணக் கார் கொள்ளாது. ஆறு இருக்கை வண்டியாகப் பதிவு செய்யுங்கள். செயலி சொல்லும் கதவு எண்ணில்தான் நிற்க வேண்டும். தளம் மாறி நின்றால் ஓட்டுநர் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று அழைப்பவர்களோடு போக வேண்டாம்.

ரயிலில் முனையம் 1-இல் ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் முனையம் 2. ஆகவே முனையம் 1-க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ரயில் வரும். வந்த ரயிலில் ஏறிவிடாமல், முகப்புப் பலகையில் கேஎல் சென்ட்ரல் என்று இருப்பதைப் பார்த்து ஏறுங்கள்.

7. கேஎல் சென்ட்ரலிலிருந்து

இரட்டைக் கோபுரத்துக்கு: எல்ஆர்டி எனும் நகர ரயிலில் கெலானா ஜெயா தடம், கோம்பாக் போகும் பக்கம், ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி.

புக்கிட் பிந்தாங்குக்கு: மோனோரயில். அது இதே கட்டடத்துக்குள் இல்லை. நூ சென்ட்ரல் வணிக வளாகத்துக்குள் நுழைந்து மறுகோடி வரை நடக்க வேண்டும். இதுவும் ஐந்தாவது நிறுத்தம்.

பத்துமலைக்கு: கேடிஎம் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில், கடைசி நிறுத்தமே பத்துமலைதான். நடுவிலுள்ள சில பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஏறுவதானால் இளஞ்சிவப்புப் பலகை இல்லாத பெட்டியைப் பாருங்கள். கோயிலுக்கு 272 படி, வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள்.

எல்ஆர்டி இயந்திரத்தில் பணம் போட்டால் சீட்டு வராது, நீல நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று விழும். உள்ளே போகும்போது அதை வாயிலின் மேல் காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளைக்குள் போட வேண்டும். நடுவில் தொலைத்தால் அபராதம். 50, 100 தாள்களை இயந்திரங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை, சில்லறை வைத்திருங்கள். மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் 'டச் என் கோ' அட்டை வாங்கிவிட்டால் இந்த வில்லைத் தொல்லையே இல்லை.

8. திரும்பும் நாள்

டிக்கெட்டை எடுத்து முனைய எண்ணை மறுபடி பாருங்கள். விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பு முனையத்தில் இருக்க வேண்டும். காரில் போவதானால் ஊரிலிருந்து நாலரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ரயில் முதலில் முனையம் 1-இல் நிற்கும், அடுத்தது முனையம் 2. தப்பான முனையத்தில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ரயிலில் 3 நிமிடம், 2 ரிங்கிட். அடுத்த ரயிலுக்கு 20 நிமிடம் வரை காத்திருக்க நேரலாம்.