ஆடிக் கும்மாயம் கட்டிதட்டாமல் வர: என் அனுபவம்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆடி மாதம் என்றால் கும்மாயம் என்ற உளுந்து மாவு இனிப்பு உண்டு. அப்பத்தா கிண்டும்போது வறுத்த உளுந்து வாசனையும் கருப்பட்டி மணமும் முற்றம் வரை வரும். வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வைப்பார். ஓரத்தில் நெய் மினுங்கும். அதற்கு ஈடாக எந்தக் கடை இனிப்பையும் நான் சொல்ல மாட்டேன்.

சென்னையில் நானே கிண்டியபோது மாவு கட்டிதட்டியது, பச்சை வாடையும் போகவில்லை. அம்மாவிடம் போனில் கேட்டுச் சரிசெய்தேன்.

ஒரு டம்ளர் வெள்ளை உளுந்துக்குப் பாசிப்பருப்பும் பச்சரிசியும் தலா ஒரு மேசைக்கரண்டி. தனித்தனியாக, சின்னத் தீயில் வறுக்க வேண்டும். உளுந்து வெளியே சிவந்தால் போதாது. ஒன்றைக் கடித்தால் மொறுமொறுவென உடைய வேண்டும். அரைத்து நைசாகச் சலித்த மாவை நெய்யில் ஒருமுறை புரட்டினால் பச்சை வாடை அடியோடு போய்விடும். அடுத்ததுதான் முக்கியம். கருப்பட்டியையும் வெல்லத்தையும் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, அந்தத் தண்ணீரில் மாவைக் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற பாகில் மாவைக் கொட்டினால் கட்டி நிச்சயம்.

அப்புறம் கை விடாமல் கிண்டுவதுதான் வேலை. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கலாம். நெய்க்குக் கணக்குப் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கருப்பட்டியை மட்டும் நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். சீனி கலந்ததில் அந்த மணம் வராது.