ஒரே தொட்டியில் எல்லாச் சத்தும்: கறிக்கோழி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில், புதிதாகக் கறிக்கோழி வளர்க்கும் ஒரு தம்பியின் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பாட்டில்களைத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொட்டியில் ஊற்றினார். ஒன்று ரத்தக்கழிச்சல் மருந்து, ஒன்று பி-காம்ப்ளெக்ஸ், இன்னொன்று மூலிகை லிவர் டானிக். “சத்துதானே அண்ணா, கூடப் போனா என்ன?” என்றார். அச்சு அசலாக நான் ஒரு காலத்தில் சொன்ன அதே வார்த்தை. தொட்டியைக் கழுவுவது, காலாவதி தேதி பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் கெடுத்துக்கொள்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரத்தக்கழிச்சலுக்கு நடுவே பி-காம்ப்ளெக்ஸ்

என் மூன்றாவது பேட்ச். 24-ஆம் நாள் காலையில், ஷெட் தரையில் பரப்பிய ஆழ்கூளத்தில் ரத்தம் கலந்த எச்சம். உடனே ரத்தக்கழிச்சல் மருந்தான ஆம்ப்ரோலியம் வாங்கித் தண்ணீரில் கலந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தெம்பு வரட்டும் என்று பி-காம்ப்ளெக்ஸையும் அதே தொட்டியில் ஊற்றினேன், அதுவும் கொஞ்சம் தாராளமாகவே.

மூன்று நாளாகியும் சாவு நிற்கவில்லை. போலி மருந்து என்று கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன், பாவம் அவர். கடைசியில் கால்நடை மருத்துவர் வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்தார். குடல்வால் முழுக்க உறைந்த ரத்தம். “தம்பி, தொட்டியில வேற என்ன ஊத்தினே? காலி பாட்டிலை எல்லாம் எடுத்துட்டு வா” என்றார். கொண்டுபோனதும் பி-காம்ப்ளெக்ஸ் லேபிளில் ஒரு வரிமேல் விரலை வைத்தார்: தயமின். வைட்டமின் பி1.

ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணி பெருகுவதற்குத் தயமின் வேண்டும். ஆம்ப்ரோலியத்தின் அமைப்பு தயமினை ஒத்தது. அதனால் தயமின் உள்ளே போகும் வழியை அது மறித்துக்கொள்ள, ஒட்டுண்ணி பட்டினி கிடக்கும். மருந்தின் வேலையே இந்தப் பட்டினி போடுவதுதான். அந்த நேரத்தில் அசல் தயமினையே தாராளமாக ஊற்றினால் மருந்து தோற்காமல் என்ன செய்யும்? கோழிக்கென்று வாங்கிய டானிக்கை ஐமீரியாவுக்குப் புகட்டியிருக்கிறேன். பிழைத்த கோழிகளும் எடைக்கு வரவில்லை. குடல் புண்ணானபின் தின்ற தீவனம் உடம்பில் ஒட்டாது, எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு) அதோகதிதான்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது ‘மூலிகை’ என்ற சொல்லை நம்பி லேபிளைப் படிக்காமல் விடுவது. சில லிவர் டானிக்குகளில் செடிச்சாற்றோடு பி வைட்டமின்களும் ஈஸ்ட் சாறும் சேர்ந்தே இருக்கும். தீவனத்தில் வழக்கமாக இருக்கும் பி1 பற்றிக் கவலை வேண்டாம். அதற்குமேல் ஊற்றுவதுதான் வினை. சிகிச்சை நாட்களில் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், மருத்துவரைக் கேட்டு வைட்டமின் ஏ, கே கொடுங்கள். கே ரத்தம் உறைய உதவும். ஏ குடலின் உள்தோல் ஆற உதவும். பி-காம்ப்ளெக்ஸின் முறை மருந்து முடிந்தபிறகு. அப்போது அது தேவையும்கூட. ஆம்ப்ரோலியத்தை நீண்ட நாள் கொடுத்தால் கோழிக்கே பி1 குறையும். தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கும்.

ஈரம் காயாத இலைத்தூள்

முருங்கை இலையோ மஞ்சளோ, அரைகுறையாகக் காய்ந்ததை அரைத்து மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து அஃப்ளாடாக்சின் வந்தால் முதலில் அடிபடுவது கல்லீரல். வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. கெட்ட தூளைத் தீவனத்தில் போட்டுவிட்டு, மேலே லிவர் டானிக் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், முருங்கைத் தூளில் நார் இருக்கிறது. அள்ளிப் போட்டால் வயிறு நிறையும், எடை ஏறாது.

வேப்பிலை

கசந்தால் தின்னாது.

பிரீமிக்ஸோடு கோலின் குளோரைடு

கோலினும் தீவனத்தில் சேர்க்கும் சத்துதான். ஆனால் அது ஈரத்தை இழுக்கும், பிரீமிக்ஸில் (வைட்டமின், தாதுக் கலவைத் தூளில்) பக்கத்திலிருக்கும் வைட்டமின்களைச் சிதைக்கும். தனியாக வைத்திருந்து, தீவனம் அரைக்கும் அன்று சேருங்கள்.

தடுப்பூசி நாள்

உயிருள்ள தடுப்பூசி தண்ணீரில் போகும் அன்று மூலிகைச்சாறு, தண்ணீரைப் புளிப்பாக்கும் ஆசிடிஃபையர், குளோரின் எதுவும் கூடாது.

குழாயில் தங்கும் மிச்சம்

சர்க்கரை கலந்த வைட்டமின் சிரப் குழாயின் உள்சுவரில் வழவழவென்று படியும். அதில் கிருமி வளரும், கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் அடைக்கும். சிரப் கொடுத்து முடித்ததும் வெறும் தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள்.

வெயில் நாளில் அதே அளவு

கோழி சாதாரணமாகத் தின்னும் தீவனத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் இது இன்னும் ஏறும். லிட்டருக்கு இவ்வளவு வைட்டமின் என்று நாள் முழுக்கக் கலந்துகொண்டிருந்தால் கோழிக்குள் போகும் அளவும் கூடவே ஏறும். ஏ-யும் டி-யும் உடம்பில் தங்குபவை. டி மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். ஒரு நாளைக்கு உரிய மொத்த அளவைக் கோழிக் கணக்கில் போட்டு, காலை நேரத்தில் நாலைந்து மணி நேரத்தில் குடித்து முடிக்கும் தண்ணீரில் மட்டும் கலக்கிறேன். மிச்ச நேரம் முழுக்க வெறும் குளிர்ந்த தண்ணீர்தான்.